தறி ஓடும் வீட்டில் ஜாக்கி சான்: விசிடியா, டிவிடியா, ப்ளூரேயா?

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக் குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். பஞ்சு எங்கும் பறக்கும். சாமி படத்தின் மேல், மின்விசிறி இறக்கையில், காயப்போட்ட வேட்டியில் எல்லாம் படியும். இந்தப் பஞ்சுதான் இப்போது நான் சொல்லப்போகும் தீர்ப்பை எழுதியது.

1985 இல் வந்த ஜாக்கி சான் படம் 'போலீஸ் ஸ்டோரி' என்னிடம் விசிடி, டிவிடி, ப்ளூரே என மூன்று வடிவிலும் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் டிவிடியைத்தான் சொல்கிறேன். படத்தின் தெளிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தவறான பதில்.

விசிடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு படத்துக்கு இரண்டு வட்டு. பாதியில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். பேசும் காட்சிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். கை காலுக்கு வேகம் வந்தால் படம் சதுரம் சதுரமாகச் சிதறும். இந்தப் படத்தின் கடைசிச் சண்டை நடப்பது வணிக வளாகத்தில், கண்ணாடி உடைந்துகொண்டே இருக்கும். உடைவது கண்ணாடியா வட்டா என்று விசிடியில் சொல்ல முடியாது. இணையத்தில் பார்க்கலாமே என்றால், போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருப்பதில்லை.

ப்ளூரேயின் அழகை மறைக்க மாட்டேன். நான் வாங்கியது 2019 இல் அமெரிக்காவில் வந்த 4கே மறுசீரமைப்புப் பதிப்பு, அதாவது பழைய படத்தை மிகத் தெளிவாகப் புதுப்பித்தது. ஜாக்கி சான் விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்து மேலிருந்து சறுக்கி வரும் இடத்தில், வெடிக்கும் பல்புகளின் பொறிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒரே சறுக்கலை வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கை எரிந்தது. டிவிடியில் அந்தப் பொறிகள் ஒரே வெளிச்சக் கோடாக ஓடிவிடும். ஆனாலும் எங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சியில், கட்டிலில் சாய்ந்து பார்க்கும் தூரத்தில், அடியும் உதையும் சிரிப்பும் குறைவதில்லை.

இனிப் பராமரிப்பு. ப்ளூரே வட்டில் கீறல் எளிதில் விழாது. மேலே கெட்டியான பூச்சு உண்டு. அதுவரை சரி. ஆனால் தகவல் இருக்கும் அடுக்கு பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். இதனால் என்ன? டிவிடியின் பரப்பைத் தொடும்போது, வட்டைப் படிக்கும் லேசர் ஒளி இன்னும் அகலமாக இருக்கிறது. அங்கே ஒரு பஞ்சு இழை கிடந்தால் ஒளியில் கொஞ்சம்தான் மறையும். ப்ளூரேயில் ஒளி அதற்குள் குறுகிவிடும். அதே இழை நிறைய மறைத்துவிடும். லென்ஸும் வட்டுக்கு மிக அருகில் நின்று படிக்கிறது.

டிவிடி பிளேயர் 'வட்டு இல்லை' என்று அடம்பிடித்தால் நானே மேல்மூடியின் திருகுகளைக் கழற்றுவேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸை ஒற்றி எடுப்பேன். (பஞ்சு செய்த பாவத்தைப் பஞ்சே கழுவுகிறது.) வட்டைத் துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக; சுற்றிச் சுற்றித் துடைத்து விழும் கீறல் தகவல் ஓடும் பாதையிலேயே நீளும், பிளேயரால் அதைச் சரிக்கட்ட முடியாது. ஒற்றியும் படிக்காவிட்டால் கடைவீதி மெக்கானிக்கிடம் லென்ஸ் மாற்றலாம். போன முறை 350 ரூபாய், மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டது.

ப்ளூரே பிளேயரையும் அவரிடம்தான் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, உள்ளே சுருண்டு கிடந்த பஞ்சை ஊதிவிட்டு, மறுபடி மூடினார். "லென்ஸ் போயிருச்சுங்க அண்ணா. கோயமுத்தூரில் கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் உங்கள் யோகம்." காந்திபுரத்தில் நானும் நாலு கடை ஏறி இறங்கினேன். யோகம் இல்லை.

மண்டலத் தொல்லையும் உண்டு: ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய ப்ளூரே வட்டு வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. அமெரிக்க வட்டு ஏ மண்டலத்துக்கானது, இந்தியா சி. அதனால் சிங்கப்பூர் போன நண்பனிடம் சொல்லி, ஏ மண்டலத்துக்கான பிளேயரை வரவழைத்தேன். அவனும் தனக்கு அதே மாடலில் ஒன்று வாங்கிக்கொண்டான். என்னுடையது இரண்டே ஆண்டில் படுத்தது. ஒரே ஒரு பிளேயரை வைத்து ப்ளூரே உழைக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வடவள்ளியில் நண்பனுடையது இன்றும் ஓடுகிறது. என் வட்டையும் அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். அவன் வீட்டுப் பக்கத்தில் தறி இல்லை.