விரியும் தண்ணீர் எங்கே போகும்? லாஃப்ட் டேங்க், சீல்டு சிஸ்டம், காம்பி

லண்டனில் 1930களில் கட்டிய எங்கள் வீட்டுக்கு, ரேடியேட்டர்களில் சுடுநீர் ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கும் புது பாய்லர் வைக்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர், லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில், இருக்கும் டேங்க் அப்படியே இருக்கட்டும், பாய்லரை மட்டும் மாற்றலாம் என்றார். இரண்டாமவர் டேங்கை எடுத்துவிட்டு, சுடுநீர் சிலிண்டரை வைத்துக்கொண்டு சீல்டு சிஸ்டமாக, அதாவது காற்றுப் படாத மூடிய அமைப்பாக, மாற்றச் சொன்னார். மூன்றாமவருக்கு சிலிண்டரும் வேண்டாம், குழாய்க்கு வேண்டிய சுடுநீரையும் அவ்வப்போது தானே சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் ஒன்று போதும். மூவரும் பேசியதெல்லாம் விலை, பிராண்ட், வாரண்டி. விரியும் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரேடியேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் அது ஏறக்குறைய 103 லிட்டர் ஆகும். கூடுதலான அந்த 3 லிட்டருக்கு எங்கே இடம் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்த முறைகள் பிரிகின்றன.

பழைய முறையில் இடம் லாஃப்டில் இருக்கிறது. சின்ன டேங்கிலிருந்து 15 மி.மீ. குழாய் கீழே இறங்கும், 22 மி.மீ. வென்ட் குழாய் மேலே வந்து, டேங்குக்கு மேல் வளைந்து வாய் திறந்து நிற்கும். தெர்மோஸ்டாட் கெட்டுத் தண்ணீர் கொதித்தாலும் ஆவி அந்த வழியே வெளியேறிவிடும். கரண்ட் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம். பாய்லருக்கும் வென்ட்டுக்கும் நடுவில் வால்வ் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. விறகு அடுப்போடு சேர்ந்த பாய்லர்களுக்கு இன்றும் இந்த முறையை விரும்புவதற்குக் காரணம் உண்டு: எரிகிற விறகை சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது.

ஆனால் திறந்த டேங்க் என்றால் காற்றும் உள்ளே வரும். ஆக்சிஜன் கரைந்து இரும்பு ரேடியேட்டரைத் தின்று, கறுப்புச் சேறாக அடியில் படியும். பம்பைத் தப்பான இடத்தில் இணைத்திருந்தால் வென்ட் வழியே சுடுநீர் டேங்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்போது துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. தரைக்கு அடியில் ஒரு இணைப்பு ஒழுகினால், மிதவை வால்வ் சத்தமில்லாமல் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்கும். துரு தடுப்பு மருந்தும் கரைந்து போகும், பலகையும் அழுகும், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

சீல்டு சிஸ்டத்தில் இடம் கொடுப்பது எக்ஸ்பான்ஷன் வெசல். இரும்புக் கலத்துக்குள் ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காற்று. தண்ணீர் விரிந்தால் காற்று சுருங்கிக்கொள்ளும். ஆறியிருக்கும்போது பிரஷர் 1 முதல் 1.5 பார் (பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்), 3 பாரைத் தொட்டால் ரிலீஃப் வால்வ் திறந்து வெளியே விடும். எங்காவது ஒழுகினால் மீட்டரில் முள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

கொஞ்சம் கவனிக்க வேண்டியதும் இதுதான். வெசலில் காற்று குறைந்துவிட்டால், சூடாகும்போது முள் 3ஐத் தொடும், வால்வ் சொட்டும், ஆறியபின் முள் பூஜ்யத்துக்கு வரும். பலர் திரும்பத் திரும்பத் தண்ணீர் நிரப்புவார்கள்; ஒவ்வொரு தடவையும் புது ஆக்சிஜன் உள்ளே போகும். செய்ய வேண்டியது, சிஸ்டத்தின் பிரஷரை முழுக்க இறக்கிவிட்டு வெசலில் காற்றடிப்பது. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வ்தான். பிறகு சிஸ்டத்தில் தண்ணீர் நிரப்பி முடித்ததும், தெருக்குழாய் நீரை அதோடு இணைக்கும் சின்னக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம், வெளியே சொட்டுகிறது என்று ரிலீஃப் குழாயை மூடி போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குக்கரின் சேஃப்டி வால்வை யாராவது அடைப்பார்களா? தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும்.

மாற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. லாஃப்ட் டேங்க் ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழ்த்தளக் குழாய் தாங்கியது அரை பார்தான். இப்போது அதே குழாயில் ஒன்றரை, சூடானால் இரண்டு. இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த பழைய இணைப்புகள் அப்போதுதான் கசிய ஆரம்பிக்கும். இரண்டாமவர் இதைச் சொல்லவே இல்லை. நான் கேட்டபிறகுதான் தலையாட்டினார்.

காம்பியும் சீல்டு சிஸ்டம்தான், வெசல், பம்ப் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். இடம் மிச்சம், சேமித்த நீர் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40க்குக் கொண்டுவர, 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போலத்தான் தரும். ஒரு ஷவருக்குச் சரி. இரண்டு குளியலறையில் ஒரே நேரத்தில் திறந்தால் இருவருக்கும் அரைகுறைதான். தெருக்குழாயிலிருந்து அவ்வளவு வருகிறதா என்பதும் தெரிய வேண்டும். ஒரு வாளியைச் சமையலறைக் குழாயடியில் வைத்து நிமிடத்துக்கு எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்தால் போதும், இதற்கு எஞ்சினியர் தேவையில்லை.

எது போட்டாலும் மாறாத சில விஷயங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் ஆக்சிஜனைத் தடுக்கும் பூச்சுள்ளதுதான் வாங்க வேண்டும். பாய்லரை ஒட்டிய முதல் ஒரு மீட்டர் செம்பாக இருப்பது நல்லது. இங்கே இப்போது வைப்பதெல்லாம் கண்டென்சிங் பாய்லர். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள ஆவி நன்றாகக் குளிர்ந்து அந்த வெப்பமும் நமக்குக் கிடைக்கும். அதில் வடியும் நீரின் குழாயைச் சுவருக்கு வெளியே நீளமாகக் கொண்டுபோனால் பனியில் உறைந்து பாய்லரே நின்றுவிடும். கேஸ் வேலையை, கேஸ் சேஃப் என்ற இங்குள்ள அதிகாரபூர்வப் பட்டியலில் பதிவுள்ளவர் மட்டுமே செய்யலாம், அது சட்டம். கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர், குளியலறை இரண்டு, காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் அவசரம். அதனால் காம்பி வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டாமவரிடமே வேலையைக் கொடுத்திருக்கிறேன், பாய்லர் வாங்குவதற்கு முன் பழைய குழாய்களில் பிரஷர் ஏற்றிச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வரும் சனிக்கிழமை கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்.