மீன் தொட்டிக்காக ஆர்.சி.சி.பி-யில் கை வைக்க விடாதீர்கள்

வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். சர்வீஸ் என்று வந்தவர் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலை அம்மாவின் உயிரையே எடுத்திருக்கும்.

கொளத்தூரில் ஒரு கடையில் மீன் தொட்டித் தண்ணீரைச் சூடாக்க மூன்று பின் ஸ்டீல் ஹீட்டர் வாங்கியிருந்தோம். மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற, மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டி) ட்ரிப் ஆகி வீடே இருட்டாகிவிடும். தண்ணீர் குளிர்ந்து தெர்மோஸ்டாட் ஹீட்டரை ஆன் செய்கிற நேரம் அது.

நான் வேலைக்குப் போயிருந்தபோது கடை ஆள் வந்து, பிளக்கைக் கழற்றி எர்த் வயரை வெட்டிவிட்டார். ட்ரிப் ஆவது நின்றது. அப்புறம் ஒருநாள் பாசி தேய்க்க அம்மா தண்ணீரில் கை விட்டதும் சுரீரென்று அடித்து, அதே நொடி கரண்ட் போனது. எர்த் வயரில் போக வேண்டிய கசிவு அம்மா உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது. காப்பாற்றியது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அவ்வளவு கசிந்தாலே துண்டித்துவிடும். அதே போர்டில் இருக்கும் எம்.சி.பி என்கிற சுவிட்ச் இந்த வேலையைச் செய்யாது. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான்.

விவரம் தெரியாத அம்மா அவரையே மறுபடி கூப்பிட்டார்கள். "இந்தப் பெட்டிதாம்மா வீக்கு. சரி பண்ணிட்டேன், இனிமே விழாது. லீக்கேஜ் இருந்தா மீன் செத்திருக்காதா?" என்று சொல்லி 700 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். மீன் சாகாது. கண்ணாடித் தொட்டிக்குள் கரண்ட் வெளியேற வழியே இல்லை. வெறுங்காலோடு தரையில் நிற்கிற நாம் கை விட்டால்தான் அதற்கு வழி கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து இதைக் கேட்டதும் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. போர்டில் ஆர்.சி.சி.பி அப்படியே இருந்தது, லீவரும் மேலேதான். டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், அசையவில்லை. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை ஆஃப் செய்து கவரைக் கழற்றிக் காட்டினார்: சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று, ஆர்.சி.சி.பி பெட்டியைத் தொடாமல் நேராக எம்.சி.பி பக்கம் போயிருந்தன. அதாவது, பெட்டி சும்மா பேருக்குத்தான் இருந்தது. ஹீட்டரில் வயர் நுழைகிற ரப்பர் மூடி வெடித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொடி ஈரத்தில் சொதசொதவென்று கிடந்தது. மெகர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்தால் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது.

கடையில் போய்க் கேட்டால், "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி இல்ல ப்ரோ" என்கிறார்கள். பணம் போனது போகட்டும், இதே ஆள் இன்னும் எத்தனை வீட்டு போர்டைத் திறந்திருப்பாரோ என்பதுதான் என் கவலை.

சர்வீஸ் ஆள் வந்து போயிருந்தால் இன்றைக்கே டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை தொட்டிப் பக்கம் போகாதீர்கள். ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் தொட்டியின் பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஹீட்டர் என்றால் அதன் லைட் எரியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன் கோளாறு தெரியாது. ட்ரிப் செய்கிற சாமான் குப்பைக்குத்தான். தண்ணீரில் கை விடுவதற்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம்.

பில் கையில் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.