பன்னிரண்டு வருடம் ஒரே டேட்டாபேஸோடு

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மதுரைக் கிளையில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். பிரீமியம் ரசீதிலிருந்து வண்டிச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை வரை எல்லாம் ஒரே டேட்டாபேஸில்தான்.

கிளெய்ம் வந்ததும் பாலிசி தொடங்கிய தேதியோடு நேரத்தையும் பார்ப்பேன். பிரீமியம் வந்து சேராமல் கம்பெனியின் பொறுப்பு தொடங்காது. 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு அது. காலையில் விபத்து, மதியம் பணம் கட்டியது என்றால் நிமிடக் கணக்கோடு ஸ்கிரீனில் தெரிந்துவிடும். எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் திருத்தம், போட்டாலும் பழைய விவரம் அழியாது. யார், எப்போது மாற்றினார்கள் என்று புதிதாக ஒரு வரி சேரும், அவ்வளவுதான். இதற்காகவே எனக்கு இதை ரொம்பப் பிடிக்கும். மார்ச் 31 அன்று அது ஆமை வேகத்தில் நகர்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

தேடல்தான் பாடாய்ப் படுத்தியது. பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டே கட்டம். நம் ஊர் இனிஷியலை எதில் போடுவது? ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்’, ‘சுப்பையா முருகன்’ என்று ஒரே ஆளுக்கு மூன்று வாடிக்கையாளர் எண். வண்டி எண்ணிலும் ஒருவர் இடைவெளி விடுவார், இன்னொருவர் கோடு போடுவார்.

ஒரு நாள் ஓர் அம்மா ஆர்சி நகலோடு வந்தார். பைக் விபத்தில் கணவர் தவறிவிட்டார். பாலிசித் தாள் கிடைக்கவில்லை. வண்டி எண்ணைப் போட்டேன், ரெக்கார்டு இல்லை. பெயரிலும் இல்லை. வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணிலும் இல்லை. அவர் நகலை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 17 இலக்க சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ எழுத்துகள் வரவே வராது. ஆனால் பாலிசி போட்டவர் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ அடித்திருந்தால்? நானும் ஓ போட்டுத் தேடினேன். பாலிசி வந்து நின்றது. வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம், நாமினி கட்டத்தில் அந்த அம்மாவின் பெயர்.

இப்போது புது ஸ்கிரீனில் சேஸிஸ் கட்டம் ஓ எழுத்தை ஏற்காது. சரி, நல்லதுதான். ஆனால் பழைய ரெக்கார்டுகள் அப்படியேதான் கிடக்கின்றன. அதனால் ‘ரெக்கார்டு இல்லை’ என்று வந்தால், எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பழைய தேடல் ஸ்கிரீனில் ஓ போட்டு இன்னொரு தடவை தேடுகிறேன்.