நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு கிட் ஜியுஐ

ஹட்டனில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கொமிட் போட, அதாவது ஒரு மாற்றத்தைப் பதிய, கட்டளை தட்டும் டேர்மினல் வேண்டாம், எதை எடுக்கலாம்? அவரிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட லெப்டொப். கிட்டுக்கான ஜன்னல் செயலிகளில் சோர்ஸ்ட்ரீ, கிட்ஹப் டெஸ்க்டொப் இரண்டும் லினக்ஸுக்கு அதிகாரபூர்வமாக வருவதில்லை. மிஞ்சுவதில் முதலில் கண்ணில் படுவது கிட் ஜியுஐ. விண்டோஸில் கிட்டோடு சேர்ந்தே வந்துவிடும். உபுண்டுவில் தனியாக நிறுவ வேண்டும்.

அதன் அருமை, வரி வரியாகப் பிரித்து ஸ்டேஜ் செய்ய, அதாவது அடுத்த கொமிட்டில் சேரவேண்டியதைக் குறிக்க, விடுவது. மும்மொழியில் ஓடும் நம் நாட்டுச் செயலிகளில் எழுத்துப்பிழைத் திருத்தமும் புதிய திரைக்கான சொற்களும் ஒரே மொழிக்கோப்பில் கலந்து கிடக்கும். திருத்திய வரிகளை மட்டும் மவுஸால் தேர்ந்து, வலது கிளிக்கில் ஸ்டேஜ் செய்து ஒரு கொமிட், மிச்சத்துக்கு இன்னொன்று. நாளைக்குப் புதிய திரையை ரிவர்ட் செய்து நீக்கினாலும் பிழைதிருத்தம் தப்பும். இன்னொரு நிம்மதி, நாம் சொல்லாமல் அது ஃபெட்ச் செய்யாது, அதாவது சேர்வரிலிருந்து புதியவற்றை இறக்காது. தோட்டப்பக்கம் போன் டேட்டாவில் வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் திரையைப் புதுப்பிக்க அழுத்தவேண்டிய அந்த எஃப்5! எடிட்டரில் கோப்பைச் சேமித்துவிட்டுத் திரும்பினால் ஜன்னல் பழைய மாற்றத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். எஃப்5 அழுத்தாமல் அந்த வரியை ஸ்டேஜ் செய்தால், சேமித்த புதிய வரி போகாது, திரையில் தெரியும் பழைய வரிதான் போகும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. டேர்மினலில் இடையில் வேறு கொமிட் போட்டிருந்தால் மட்டும், இங்கே கொமிட் அழுத்தும்போது நிறுத்தி மீண்டும் அலசும். அந்தக் கவனம் ஸ்டேஜுக்கும் இருந்திருக்க வேண்டாமா? இத்தனை வருடமாகியும் இல்லாதது உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது.

மழைக்காலத்தில் கொமிட் நடுவே கரண்ட் போனால், டொட் கிட் அடைவில் இன்டெக்ஸ் டொட் லொக் என்ற கோப்பு மிஞ்சி எல்லாவற்றையும் தடுக்கும். வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அழித்தால் போதும். இது கிட்டின் இயல்பு, செயலியின் குற்றமில்லை.

தமிழ்தான் மிச்சப் பிரச்சினை. விண்டோஸில் எழுத்து குழம்பினால் ஜியுஐ டொட் என்கோடிங் என்ற அமைப்பை யூடிஎஃப்-8 ஆக்கினால் சரி. லினக்ஸில் அது உதவாது: கிட் ஜியுஐயின் ஜன்னலை வரையும் டிகே 8.6 நிரலகம் எழுத்துகளைச் சேர்த்து வரையாததால் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும். மொழிக்கோப்பை அப்படி வாசித்துச் சரிபார்க்க முடியாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: உபுண்டுவில் தமிழ்க் கோப்புகளோடுதான் வேலையென்றால் கிட் ஜியுஐ வேண்டாம். விஎஸ் கோட் எடிட்டரைப் போடுங்கள். தேர்ந்த வரிகளை ஸ்டேஜ் செய்யும், சேமித்தவுடன் தானே புதுப்பிக்கும், ஓட்டோஃபெட்ச் ஆரம்பத்திலேயே அணைந்திருக்கும். நினைவகம் நிறையத் தின்னும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.