அடுத்த வாரம் தொடரும்: தொடர்பட இரசிகருக்கான உசாத்துணை நூல்கள்

மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில், பரீட்சை வினாத்தாள் தொகுப்புகளுக்கு அடியில், முதுகுப் பசை விட்டுப்போன நிலையில் எனக்குக் கிடைத்தது கென் வைஸ், எட் குட்கோல்ட் ஆகிய இருவரும் 1972இல் வெளியிட்ட 'டு பி கன்டினியூட்' என்ற நூல். அமெரிக்கத் தொடர்படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடிகர் பட்டியல், அத்தியாயத் தலைப்புகள், கதைச் சுருக்கம், படக்காட்சிகள் என்று தரும் நூல் அது. 1943ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களைப் புரட்டியபோது, ராணி கொமிக்ஸ் வழியாக நான் அறிந்திருந்த முகமூடி மாயாவியை, கொலம்பியா நிறுவனம் அந்த ஆண்டிலேயே 15 அத்தியாயப் படமாக்கியிருந்ததைக் கண்டேன். அதில் மாயாவியாக நடித்த டொம் டைலர்தான் 1941இல் ரிப்பப்ளிக் நிறுவனத்தின் கப்டன் மார்வெலாகவும் வானில் பறந்தவர். உண்மையில் பறந்தது அவரல்ல. ரிப்பப்ளிக்கின் தந்திரக்காட்சிக் கலைஞர்களான லைடெக்கர் சகோதரர்கள் கம்பியில் வழுக்கவிட்ட ஆளுயரப் பொம்மை.

தொடர்படம் என்றால் என்னவென்று வாரமலர்த் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாயகன் ஓடும் லொறியோடு பள்ளத்தில் விழுவான், 'தொடரும்' என்று திரை மூடும், மறுவாரம் அதே தியேட்டருக்குப் போனால்தான் அவன் பிழைத்த விதம் தெரியும். பெரும்பாலும் 12 முதல் 15 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மணி முதல் இருபது நிமிடம். பேசும்படக் காலத்தில் மட்டும் 231 தொடர்படங்கள் வந்து, 1956இல் கொலம்பியாவின் கடைசித் தொடரோடு அந்த வடிவம் நின்றுபோனது. இன்று அவற்றுள் பலவற்றை வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே யூடியூபில் பார்த்துவிடலாம் என்பதால், இவற்றுக்கு உசாத்துணை நூல் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. இதுவரை என் கைக்கு வந்த நூல்களை அந்தக் கேள்வியோடுதான் படித்தேன்.

1970களின் நூல்களில் பெரும்பாலானவை சிறுவயது நினைவிலிருந்து எழுதப்பட்டவை. வீட்டில் ஒளிநாடா இல்லாத காலத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் சனிக்கிழமை மதியக் காட்சியில் பார்த்ததை ஒருவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியும்? ஜிம் ஹார்மன், டொனால்ட் கிளட் ஆகியோரின் 'த கிரேட் மூவி சீரியல்ஸ்' (1972) அந்த நினைவின் உற்சாகத்தை முழுமையாகக் கொண்டிருக்கிறது. வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு தகவலைத் தேடி அதைத் திறப்பவர், கதை சொல்லும் மாமா ஒருவரிடம் வழி கேட்டவரைப் போல நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

வில்லியம் சி. கிளைனின் 'இன் த நிக் ஒஃப் டைம்' (1984) நினைவின் உற்சாகத்துக்கும் தகவல் பட்டியலுக்கும் நடுவில் நிற்கிறது. நாயகர், நாயகியர், வில்லன்கள், கதை வகைகள் என்று முன்பகுதி கட்டுரைகளாகச் செல்ல, பின்பகுதியில் பேசும்படத் தொடர்களின் முழுப் பட்டியல் இருக்கிறது. ஒரே படம் நான்கைந்து கட்டுரைகளில் சிதறிக் கிடப்பதால் சுட்டியை அடிக்கடி புரட்ட நேர்வது இதன் குறை. எனினும் ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

நினைவை ஒதுக்கிவிட்டு ஆவணத்தை மட்டும் நம்பியவர் ஜாக் மத்திஸ். 1975இல் அவர் தாமே பதிப்பித்த 'வலி ஒஃப் த கிளிஃப்ஹாங்கர்ஸ்', 1936 முதல் 1955 வரை ரிப்பப்ளிக் தயாரித்த 66 தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பழைய நூல் சந்தையில் அதற்குச் சொல்லப்படும் விலை என் கைக்கு எட்டாது. ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர், தமக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் இருந்த அந்த நூலிலும் 1995இல் வந்த அதன் துணைநூலிலும் சில பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். கப்டன் மார்வெல் தொடருக்கு ஒதுக்கப்பட்ட தொகை 135,553 டொலர், முடிந்த செலவு 145,588 டொலர், படப்பிடிப்பு 1940 டிசம்பர் 23 தொடங்கி 1941 ஜனவரி 30 வரை. பன்னிரண்டு அத்தியாயங்களையும் ஆறு வாரத்துக்குள் எடுத்து முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஒரே பாறைச்சரிவு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருவதில்லை. படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கணக்கு கிடைக்காது.

மௌனப்படக் காலத்துக்கு கல்டன் லகூவின் 'கன்டினியூட் நெக்ஸ்ட் வீக்' (1964). இங்கே நூலின் தேவை வேறு வகையானது. ஏனெனில் பார்ப்பதற்குப் படமே முழுமையாக இல்லை. பேர்ள் வைட் நடித்த 'த பெரில்ஸ் ஒஃப் போலின்' 1914இல் 20 அத்தியாயங்களாக வந்தது. இன்று எஞ்சியிருப்பது ஐரோப்பாவுக்காக 9 அத்தியாயங்களாகச் சுருக்கிய பிரதி. அதன் எழுத்தட்டைகளும் (காட்சிகளுக்கு இடையே வசனத்தை எழுத்தில் காட்டுபவை) பிரெஞ்சிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டவை என்பதால் பிழைகள் மலிந்தவை. அதை மட்டும் பார்த்துவிட்டு மூலப்படத்தைக் குறைசொல்வது, நிழற்படத்தைப் பார்த்துச் சம்பந்தம் முடிப்பது போன்றது.

ஜெஃப் மேயரின் 'என்சைக்ளோபீடியா ஒஃப் அமெரிக்கன் ஃபிலிம் சீரியல்ஸ்' (2017) வேறு காரணத்துக்காக முக்கியமானது. 1943இன் பட்மான் தொடரில் வில்லன் டொக்டர் டாகா என்ற ஜப்பானிய உளவாளி, வேடமிட்டவர் ஜே. கரல் நெய்ஷ் என்ற அமெரிக்கர். ஆசியரையும் ஆபிரிக்கரையும் இந்தப் படங்கள் காட்டிய விதத்தை, கொழும்பில் இருந்து பார்க்கும் நாம் பழைய இரசிகர்களைப் போலச் சிரித்துக் கடந்துபோக இயலாது. மேயர் இவற்றைப் போர்க்காலப் பிரசாரம் என்ற கண்ணோடும் அணுகுகிறார். ரேமண்ட் ஸ்டெட்மனின் 'த சீரியல்ஸ்' (1971) வானொலி, தொலைக்காட்சித் தொடர்களையும் சேர்த்துப் பேசுவதால், திரைப்படத்தை மட்டும் நாடுவோர் அவசரமாக வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போருக்கு ஒரு வார்த்தை. கிளைனின் நூலை எனக்கு அனுப்பிய இணைய விற்பனையாளர் மெல்லிய கடிதவுறையில் அதைப் போட்டிருந்தார். மழைக்காலத்தில் வந்து சேர்ந்தபோது கீழ்மூலை ஊறி, முப்பது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மின்விசிறிக்குக் கீழே வைத்து, இரண்டு நாள் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்தேன். தபாற்செலவு நூலின் விலையை எட்டிவிடுவதால், பொலித்தீனும் கெட்டி அட்டைப் பெட்டியும் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

இப்போது கப்டன் மார்வெலைச் சனிக்கிழமைக்கு ஓர் அத்தியாயமாகத்தான் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒன்பதாவது முடிந்தது. பத்தாவதின் தலைப்பு 'டூம் ஷிப்' என்று கிளைனின் பட்டியல் சொல்கிறது. அதற்கு மேல் வாசிக்காமல் நூலை மூடி வைத்திருக்கிறேன்.