பிரெஞ்சு விருந்து: ஹோட்டலுக்குள்ளா, வெளியிலா?

மணிவிழா, திருமண நாள், பிள்ளையின் பட்டமளிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக, ஒருமுறை நல்ல பிரெஞ்சு உணவகத்துக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பெரிய ஹோட்டலுக்குள் இயங்கும் உணவகம் ஒன்று. சமையற்கலைஞரின் பெயரால் அறியப்படும் தனி உணவகம் மற்றொன்று. மூன்று தலைமுறை சேர்ந்து போவதானால் ஹோட்டல்தான், அதுவும் மதிய வேளைதான் என்பேன். புகழை மட்டும் பார்த்து முன்பதிவு செய்கிறவர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள் என்பதால் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

1980களில் இங்கே உயர்தரப் பிரெஞ்சு உணவின் வீடு ஹோட்டல்தான். 1994இல் ஷா சென்டரில் திறந்த லெஸாமி என்ற பிரெஞ்சு உணவகம், ஹோட்டலுக்கு வெளியிலும் அந்தத் தரம் சாத்தியம் என்று காட்டியது. 2016இல், உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தரும் மிஷலின் வழிகாட்டியின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு வந்தபோது மூன்று நட்சத்திரம் பெற்ற ஒரே உணவகம், செந்தோசா உல்லாச விடுதியில் இருந்த ஜோயல் ரொபுஷோன். அது 2018இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மூன்று நட்சத்திரம் பெற்ற இரண்டுமே ஹோட்டலுக்கு வெளியே இருப்பவை: லெஸாமியும், தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ஓடெட்டும். ஓடெட்டின் சமையற்கலைஞர் ஜூலியன் ரோயர் அதற்கு முன் சுவிஸோட்டெல் ஸ்டாம்ஃபர்டின் 70ஆம் மாடியில் உள்ள ஜான் உணவகத்தில் சமைத்தவர். ஜானில் இப்போது நடப்பது பிரிட்டிஷ் சமையல். நட்சத்திரமே அளவுகோல் என்றால் ஹோட்டல்கள் பின்தங்கிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தனி உணவகத்தின் பலம் அதன் ஒருமுகம். காலை உணவு, திருமண வரவேற்பு, அறைக்கு அனுப்பும் சாண்ட்விச் என்று சிதறாமல், சில மேசைகளுக்காக ஒரு சமையலறையே உழைக்கிறது. ரொட்டியிலும் வெண்ணெயிலும்கூட அந்தக் கவனம் தெரியும். ஆனால் அங்கே பெரும்பாலும் சமையற்கலைஞர் வகுத்த வரிசைப்படிதான் சாப்பிட வேண்டும். இரவில் அந்த வரிசை முடிய மூன்று மணி நேரம் ஆகலாம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் அப்பாவுக்கு இரவு ஒன்பதரைக்கு மேல் முக்கிய உணவு வருவது விருந்தாக இருக்காது. சில இடங்களில் சிறு பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது சாஸ். நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வாத்து, ஆட்டிறைச்சி, கோழி என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிரெஞ்சு சமையலின் பழுப்பு நிறச் சாஸ்களுக்கு மரபான அடிப்படை, கன்றின் எலும்புகளை வறுத்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு. வாத்தின் மேல் பளபளப்பாக ஊற்றப்படுவதில் அது இருக்கலாம். வெங்காய சூப்பும் வழக்கமாக மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வதுதான். மீனோடு தரும் வெள்ளை வெண்ணெய்ச் சாஸில் இந்தச் சிக்கல் குறைவு: வெள்ளை ஒயின், வினிகர், சின்ன வெங்காய வகை ஒன்று, வெண்ணெய், அவ்வளவே. மது கூடாதென்றால் அதுவும் ஆகாது.

சைவ உணவுக்காரர்களுக்கு வலை இன்னும் நுண்ணியது. கோம்தே, ரோக்ஃபோர் போன்ற மரபுப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்று போன்ற இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. மூஸ் வகை இனிப்புகளில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். முட்டை எங்கும் இருக்கும். ‘நான் சைவம்’ என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டு இல்லாத தட்டு வரும். அம்மா மனதில் வைத்திருக்கும் சைவம் வராது.

இந்த இடத்தில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. சில நாள்களுக்கு முன்பே தெளிவாக எழுதினால், நல்ல தனி உணவகம் காய்கறிகளைக் கொண்டே முழு விருந்தை அமைத்துத் தரும். அது அவர்களின் திறமைக்கே ஒரு மேடை. ஆனால் மேசையில் உட்கார்ந்தபின் ‘அத்தை இதைச் சாப்பிட மாட்டார்’ என்று சொன்னால் வழி குறைவு. சாஸை எடுத்துவிட்டால் அந்தத் தட்டில் உயிரே போய்விடும். ஹோட்டலில் இருக்கும் பிராசரியில், அதாவது சற்று எளிமையான பிரெஞ்சு உணவகத்தில், தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெரும்பாலும் இருக்கிறது. அத்தைக்குக் காளான் ஆம்லெட்டோ வெண்ணெயில் வாட்டிய மீனோ கேட்கலாம். தம்பி வாத்துக் கால் சாப்பிடலாம். யாருடைய தட்டும் யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தியத் திருமணங்கள் நடக்கும் ஹோட்டல்களில் வெங்காயம், பூண்டு கூடாது என்ற கோரிக்கையும் ஊழியர்களுக்குப் புதிதல்ல. ஹலால் தேவையென்றால் பெரும்பாலான பிரெஞ்சு உணவகங்கள், ஹோட்டலுக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும், பொருந்தா. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணத்தில் இரண்டும் ஒரே விதி. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் ஏறும். 150 வெள்ளி என்று படித்தது 179 வெள்ளி 85 காசாகும். ஆறு பேர் போனால் இந்தக் கூடுதல் மட்டுமே மொத்தம் 179 வெள்ளியைத் தாண்டும். தண்ணீரும் புட்டியாக வந்தால் தனிக் கணக்கு. சாதாரணத் தண்ணீர் கிடைக்குமா என்று தயங்காமல் கேட்கலாம். மதியத்தின் குறைந்த தட்டுகள் கொண்ட விருந்து இரவைவிட மலிவாக இருப்பது வழக்கம், சமையலறை அதேதான். இரவுக்கு அதிகம் கொடுப்பதில் பெரும்பகுதி நேரத்துக்கும் கூடுதல் தட்டுகளுக்குமே போகிறது.

ஹோட்டல்களிலும் எல்லாம் ஒன்றல்ல. ராஃபிள்ஸ் 2019இல் சீரமைப்பு முடிந்து திறந்தபோது, பிரான்ஸின் வலான்ஸ் நகரைச் சேர்ந்த சமையற்கலைஞர் அன்-சோஃபி பிக் அங்கே தொடங்கிய உணவகம், ஹோட்டலுக்குள் இருந்தாலும் தனி உணவகத்தின் குணம் கொண்டது. தட்டுகளின் வரிசைதான் அங்கே விருந்து. நான் சொல்லும் குடும்ப மதியத்துக்கு டங்ளின் சாலை செயின்ட் ரீஜிஸின் பிராசரி லே சவர் பொருத்தம். ஒளி நிறைந்த கூடம், வாசலிலேயே காரிலிருந்து இறங்கும் வசதி, குழந்தை சிணுங்கினால் உலாவப் பெரிய முகப்பு. பிரெஞ்சு உணவே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் தாத்தா இருந்தால் தஞ்சோங் பகார் சோஃபிடெல்லின் ரசீன்: அங்கே சீன உணவும் அதே மேசைக்கு வரும், எம்ஆர்டி நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் போகலாம்.

கணவன் மனைவி இருவர் மட்டும், எதையும் சாப்பிடுவார்கள், அவசரமில்லை என்றால் என் வாதம் செல்லாது. அவர்கள் ஓடெட்டுக்கோ லெஸாமிக்கோ போகட்டும், அதுவும் மதியம். முன்பதிவில் கடன் அட்டை விவரம் கேட்டு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் வழக்கம் இத்தகைய இடங்களில் பரவலாக உண்டு. ஆகவே விடுப்பு உறுதியானபின் பதிவு செய்யுங்கள். உணவுக் கட்டுப்பாடு பகுதியில் ‘மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, அவற்றின் எலும்புச் சாறு, ஜெலட்டின் எதுவும் வேண்டாம்’ என்று பொருள் பொருளாக எழுதி, முந்தைய நாள் தொலைபேசியில் இன்னொருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.