நெல்லைக்குப் பொருந்துவது எது: தூண்மேல் ரயிலா, தனித்தடப் பேருந்தா, இருக்கிற தண்டவாளமா?

திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கிலிருந்து ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாராலும் சொல்ல முடியாது. சில வாரங்களுக்கு முன் ஒரு காலை வேளையில் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி, ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையை மடங்கிவிடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "தம்பி, இது பெரியாஸ்பத்திரிக்குப் போவுமா?" என்று நடத்துநரிடம் கேட்டார். "ஜங்ஷன்ல எறங்கி மாறணும் ஆச்சி" என்ற பதில் வந்ததும் அவர் முகம் வாடியது. மாறுவது அவருக்குச் சிரமமில்லை. அடுத்த பேருந்து எப்போது வரும், அதில் உட்கார இடம் இருக்குமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நெல்லைக்கு மெட்ரோ வேண்டும், தனித்தடம் வேண்டும், புறநகர் ரயில் வேண்டும் என்று பலரும் பேசி வரும் இந்த நேரத்தில், இவற்றில் எது அந்த ஆச்சியின் காத்திருப்பைக் குறைக்கும் என்ற ஒரே அளவுகோலை வைத்து அவற்றை அலசிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஊரின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். தாமிரபரணியின் இரு கரைகளிலும் தனித்தனியாக வளர்ந்த நெல்லை, பாளையங்கோட்டை (பாளை) என்ற இரண்டு நகரங்களையும், தச்சநல்லூர், மேலப்பாளையம் ஆகிய ஊர்களையும் சேர்த்து 1994ஆம் ஆண்டு மாநகராட்சி உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 4.74 லட்சம் பேர். பேட்டையில் தொடங்கி டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பேருந்து நிலையம் வழியாக வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம் வரை செல்லும் ஒரே தடத்தில்தான் ஊரின் பெரும்பாலான போக்குவரத்து நடக்கிறது. அந்தத் தடத்தில் போக்குவரத்து நெரிபடும் இரண்டு கழுத்துகள் உள்ளன. ரயில் பாதைக்கு மேலே 1973இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் ஒன்று. ஆற்றின்மேல் 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலமும் அதையொட்டிப் பின்னாளில் எழுந்த பாலமும் மற்றொன்று. எந்தத் திட்டம் வந்தாலும் இந்த இரண்டு கழுத்துகளையும் எப்படிக் கடக்கப் போகிறது என்பதில்தான் அதன் தகுதி தெரியும்.

மெட்ரோவை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். நேரம் தவறாத, குளிரூட்டப்பட்ட, கௌரவமான பயணம் கிடைத்தால் மட்டுமே இரு சக்கர வாகனக்காரர்கள் பொதுப் போக்குவரத்துக்கு வருவார்கள் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. திருச்சி, சேலம் ஆகிய நகரங்களோடு சேர்த்து நெல்லைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு நடந்ததால் மக்களிடையே எதிர்பார்ப்பும் எழுந்தது. ஆனால் அளவு பொருந்தவில்லை. 2019இல் மத்திய அரசு விதிமுறை வகுத்த மெட்ரோலைட் என்னும் சிறிய வகைகூட, உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை பயணம் செய்யும் தடங்களுக்கானது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை என்ற 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையின் அளவைக் காரணம் காட்டி, கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே 2025இல் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. அந்த அளவுகோல் சரியா தவறா என்பது வேறு விவாதம்; நெல்லையின் முறை வர இன்னும் வெகுகாலம் ஆகும் என்பது மட்டும் உறுதி.

பணத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது இடம். பாதையைத் தூண்மேல் கொண்டு சென்றால், ஏற்கெனவே இரண்டு அடுக்காக நிற்கும் மேம்பாலத்துக்கும் மேலாக அதை ஏற்ற வேண்டும். டவுனுக்குள் நுழைந்தால் ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வலம் வரும் ரத வீதிகள் இருக்கின்றன. அங்கே தூணையும் நிறுத்த முடியாது, கம்பியையும் கட்ட முடியாது. ஆகவே டவுனுக்கு வெளியிலேயே பாதை நின்றுவிடும். ஆச்சி வாகையடி முக்கிலிருந்து அந்த நிலையத்துக்குப் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். தரைக்கு அடியில் கொண்டு போகலாமே என்பவர்கள், 2023 டிசம்பரில் ஜங்ஷன் பகுதியில் வெள்ளம் தேங்கி நின்ற கோலத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தனித்தடப் பேருந்து. சாலையின் ஒரு பகுதியைப் பேருந்துக்கு மட்டுமே ஒதுக்கி, நிலையங்கள் அமைத்து, ரயிலைப் போலப் பேருந்தை ஓட்டும் முறை இது. அகமதாபாத்தில் 2009 முதல் இது நடைமுறையில் உள்ளது. டெல்லியில் 2008இல் அமைத்த தடம், கார்க்காரர்களின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் 2016இல் அகற்றப்பட்டது. நெல்லைக்கு இவை இரண்டைவிடவும் நெருக்கமான பாடம் கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட். நெல்லை-பாளை போலவே இரட்டை நகரமான அங்கே, ஊர்களை இணைக்கும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தடத்தில் 2018இல் இந்தப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இரண்டு ஊர்களுக்கும் நடுவிலிருந்த சாலையை அகலப்படுத்த முடிந்ததால் விரைவுப் பேருந்துகள் உண்மையிலேயே விரைந்து சென்றன. அப்படியிருந்தும் மற்ற வாகனங்களுக்குச் சாலை குறுகிவிட்டது என்ற குறை ஓயவில்லை. நம் நிலைமை அதற்கு நேரெதிரானது. இங்கே இரண்டு நகரங்களுக்கும் இடையே வெட்டவெளி கிடையாது. ஆறும் பாலமும்தான் உள்ளன. டவுன் ஆர்ச்சுக்கும் ஜங்ஷனுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இரு பக்கமும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே முழுத் தடம் ஒதுக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிக்க நேரிடும். அதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காக இந்த யோசனையை அப்படியே ஒதுக்கிவிடவும் வேண்டாம். பேருந்து தாமதமாவது தடம் நெடுகிலும் அல்ல; குறிப்பிட்ட சில இடங்களில்தான். வண்ணார்பேட்டை ரவுண்டானாவை நெருங்கும் சில நூறு மீட்டர், பாலத்தின் இரு முனைகள், சமாதானபுரம் சந்திப்பு ஆகிய இடங்களில் மட்டும் பேருந்துக்குத் தனி வழி விட்டு, சிக்னலில் அதற்கு முதல் பச்சை கொடுத்தால், முழுத் தடம் தரும் பயனில் பெரும்பகுதி மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும். பாளைப் பக்கம் சாலைகள் ஓரளவு அகலமாக இருப்பதால் அங்கே இது இன்னும் எளிது.

மூன்றாவது வழியான தண்டவாளத்தின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவுள்ள ஊரில் நான்கு திசைக்கும் ரயில் பாதை அமைவது எளிதில் வாய்க்கும் பேறு அல்ல. வடக்கே தாழையூத்து, கங்கைகொண்டான் வழியாக மதுரைக்கும், தெற்கே மேலப்பாளையம், நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்கும், மேற்கே டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்) வழியாகத் தென்காசிக்கும், கிழக்கே பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியாகத் திருச்செந்தூருக்கும் பாதைகள் பிரிகின்றன. திருச்செந்தூர்ப் பாதை 1923இலேயே வந்துவிட்டது. தென்காசிப் பாதை 2012இல் அகலப் பாதையானது. நாகர்கோவில் பாதை இப்போது இரட்டைப் பாதை. நிலம் எடுக்க வேண்டாம், தூண் எழுப்ப வேண்டாம். ஹைதராபாத்தில் 2003இல் மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்துகொண்டு, இருந்த பாதையிலேயே நகர ரயிலை ஓடவிட்ட முன்னுதாரணமும் இருக்கிறது.

ஆயினும் டவுனிலிருந்து பாளைக்குப் போகும் பயணத்துக்கு இது உதவாது. டவுன் ரயில் நிலையம் கோயில் வாசலில் இல்லை. பாளையங்கோட்டை ரயில் நிலையம் கல்லூரிகளுக்கோ மருத்துவமனைக்கோ பக்கத்தில் இல்லை. இரண்டு முனையிலும் ஆட்டோ பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் ரயில் எதற்கு என்றுதான் மக்கள் கேட்பார்கள். தென்காசிப் பாதையும் திருச்செந்தூர்ப் பாதையும் ஒற்றைப் பாதைகள். எதிரே ஒரு ரயில் வந்தால் அடுத்த நிலையத்தில் காத்து நின்றே ஆக வேண்டும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற கனவு அங்கே பலிக்காது. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் ஒருமுறையேனும் சிக்கியவர்களுக்கு இன்னொரு கணக்கும் புரியும். ரயில்கள் இரட்டிப்பானால் கேட் மூடுவதும் இரட்டிப்பாகும். ஒரு பெட்டி நிறையப் பயணிகளின் நேரத்தை மிச்சப்படுத்தப் போய், கேட்டின் இரு புறமும் நிற்கும் பேருந்துகளில் உள்ளவர்களின் நேரத்தை விழுங்கிவிடக் கூடாது.

ரயில் யாருக்கு உரியது என்று கேட்டால், அம்பையிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் நாள்தோறும் நெல்லைக்கு வந்து திரும்புகிற மாணவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் என்பேன். சாதாரண ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 2024இல் மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியபின் அவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அந்தப் பாதைகளில் ஒரு நாளைக்கு ஓடும் சாதாரண ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையிலும், மாலை நான்குக்கும் எட்டுக்கும் இடையிலும் மணிக்கு ஒரு மெமு ரயில் (குறுந்தூர மின்சார ரயில்) ஓடினாலே அவர்கள் வாழ்க்கை மாறிவிடும். ஒரு பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப்போனால் ரயிலுக்குச் சுற்றுவழி கிடையாது.

கடைசியாக, யாரும் திட்டம் என்றே மதிக்காத டவுன் பஸ். இதில்தான் அதிகம் செய்ய முடியும் என்பது என் முடிவு. அதற்கான கணக்கையும் காட்டுகிறேன். பேட்டையிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை சுமார் 11 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தங்களையும் நெரிசலையும் சேர்த்துப் பேருந்து மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு நடைக்கு 41 நிமிடம் ஆகும். முனையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, போய் வர 90 நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒரு பேருந்து வேண்டுமானால் 23 பேருந்துகள் போதும். பழுதுக்கும் பராமரிப்புக்கும் மூன்றைக் கூட்டினால் 26. பேருந்துக்கு 60 பேர் என்றாலும் மணிக்கு ஒரு திசையில் 900 பேரை இவை ஏற்றிச் செல்லும். கூட்டம் பெருகினால் இடைவெளியை இரண்டு நிமிடமாக்கலாம். நான்கு நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே ஆச்சியின் சராசரிக் காத்திருப்பு இரண்டு நிமிடமாகிவிடும்; கால அட்டவணையே அவருக்குத் தேவைப்படாது.

இது நடக்க வேண்டுமானால் இன்றைய வழித்தட அமைப்பை மாற்ற வேண்டும். இப்போது ஒவ்வொரு பேருந்தும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டு, இதே தடத்தில் புகுந்து, இதே நெரிசலில் நின்று, வேறொரு மூலைக்குப் போகிறது. அதனால் ஜங்ஷனில் ஒரே நேரத்தில் ஐந்து பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. அவை போனபின் இருபது நிமிடம் ஒன்றும் வருவதில்லை. அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் அன்றைய கலெக்‌ஷனை நம்பி ஓடுகிறவரை முன்னால் போகிற வண்டியை முந்தத்தான் பார்க்கும். அதை ஓட்டுநரின் குணக்கேடு என்று சொல்ல மாட்டேன், பேட்டா என்னும் படி அந்த வசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. பேட்டையிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரையிலான இந்த நடுத்தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு, யார் இயக்கினாலும், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் அந்தப் பந்தயம் தானாக நின்றுவிடும். மேலப்பாளையம், தச்சநல்லூர், கேடிசி நகர், பெருமாள்புரம், அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகம் ஆகிய இடங்களுக்கு மினி பஸ்கள் இந்த நடுத்தடத்தில் வந்து சேர்ந்து பிரியலாம்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இன்று ஒரே பேருந்தில் அமர்ந்தபடி போகிறவரை நாளை இறங்கி மாறச் சொல்கிறோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அரசுப் பேருந்தில் எத்தனை முறை மாறினாலும் அவர்களுக்குப் பண இழப்பு இல்லை. ஆனால் தனியார் மினி பஸ்ஸில் ஏறினால் அவர்களும் காசு கொடுத்தாக வேண்டும், ஆண்கள் இருமுறை சீட்டு வாங்க வேண்டும். ஒரு மணி நேரம் செல்லுபடியாகும் ஒரே சீட்டு இருந்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமாகும். சென்னையில் 2025இல் வந்த சென்னை ஒன் செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு தருகிறது என்பதால், தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. இல்லாதது, இங்கே எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கும் அமைப்புதான். சென்னைக்கு அதற்கென்று 2010இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

மாறும் இடத்தின் தரமும் அதே அளவுக்கு முக்கியம். புதிய பேருந்து நிலையம் 2003இல் வேய்ந்தான்குளத்துக்குப் போனபின், வெளியூரிலிருந்து வருகிறவர் ஊருக்குள் வர இன்னொரு பேருந்து ஏற வேண்டியதாயிற்று. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை மறுகட்டுமானத்துக்காக 2018இல் மூடி, 2024இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கைக்குழந்தையோடும் மூட்டையோடும் சாலையோரத்திலேயே வண்டி மாறிய பெண்களைப் பார்த்த எவரும், நிழலும் இருக்கையும் கழிப்பறையும் அலங்காரச் செலவு என்று சொல்ல மாட்டார்கள். ரயில் நிலைய வாசலிலிருந்து இந்தப் பேருந்து நிலையம் நடந்து போகும் தூரம்தான். வெயிலும் மழையும் படாத ஒரு நடைபாதை இடையில் அமைந்தால் அம்பை ரயிலும் பாளைப் பேருந்தும் ஒரே பயணமாகிவிடும்.

ஆகவே நான் விரும்பும் வரிசை இதுதான்: முதலில் நடுத்தடப் பேருந்துகளும் ஒரே சீட்டும், கூடவே வண்ணார்பேட்டையிலும் பாலத்தின் முனைகளிலும் பேருந்துக்கான முன்னுரிமை, அதன்பின் காலை, மாலை மெமு ரயில்கள். அந்த ரயில்களைக் கூட்டுவதற்கு முன்பாகவே குலவணிகர்புரத்தில் மேம்பாலம் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.